அளவும் நாளும் இடமும்: கருப்பை வாய்ப் புற்றுநோயில் கதிர்வீச்சுச் சிகிச்சை

புற்றுநோய்க்கு மருத்துவம் கையாளும் வழிகளில் அறுவை, மருந்து, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் முதன்மையானவை. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோயின் ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது என்று சிகிச்சை நெறிமுறைகளை அடிப்படையாகக் கொண்ட கணக்கீடுகள் கூறுகின்றன. ஆயினும் இம்மூன்றில் பொதுமக்கள் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் மிகுதியாக அஞ்சுவதும் கதிர்வீச்சைத்தான். அறுவையின் தழும்பு தெரிகிறது. மருந்து நரம்பில் ஏறுவது தெரிகிறது. கதிரோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை, படும்போது வலிப்பதுமில்லை. தமிழகத்து மருத்துவமனைகளில் நோயாளிகளிடையே இதற்கு வழங்கும் 'கரண்ட் வைப்பது' என்ற பெயர், உடலுக்குள் மின்சாரம் பாய்ச்சப்படுகிறது என்ற தவறான எண்ணத்தையும் அதனோடு ஒட்டிய அச்சத்தையும் சேர்த்தே சுமந்து வருகிறது.

உண்மையில் இச்சிகிச்சையின் நூற்றாண்டு கடந்த வரலாற்றைப் பார்த்தால், கதிரை வலிமையாக்கக் கற்றதைவிட அதை அடக்கிப் பயன்படுத்தக் கற்றதே பெரிய சாதனை என்பது விளங்கும். எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாளாகப் பகுத்துக் கொடுப்பது, எந்த இடத்தோடு நிறுத்துவது என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளே கதிரை மருந்தாக்கின. இம்மூன்றும் ஒன்றுசேர்ந்து இயங்குவதைத் தெளிவாகக் காட்டும் நோய் கருப்பை வாய்ப் புற்றுநோய். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் இதனால் இறக்கின்றனர். கட்டி கருப்பையின் வாயைக் கடந்து சுற்றியுள்ள திசுக்களுக்குள் பரவிய பிறகு வருபவர்களுக்கு அறுவையால் நோயை முழுவதும் அகற்ற முடிவதில்லை என்பதால், அவர்களைக் குணப்படுத்தும் பொறுப்பு பெரும்பாலும் கதிர்வீச்சின்மேல்தான் விழுகிறது.

கதிர் செய்யும் வேலை

கதிர்வீச்சின் அளவு 'கிரே' என்ற அலகால் குறிக்கப்படுகிறது. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. கதிர்வீச்சு உயிரியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான ஆங்கிலேய இயற்பியலாளர் லூயிஸ் ஹெரால்டு கிரேயின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. வெப்பமாகக் கணக்கிட்டால் இந்த ஆற்றல் அற்பமானது. உடல் முழுவதும் ஒரே வேளையில் 4 கிரே பட்டு, மருத்துவ உதவியும் கிட்டாவிட்டால், அவ்வாறு பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சில வாரங்களில் இறந்துபோகக்கூடும். ஆனால் அந்த 4 கிரே உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்களவே உயர்த்தும். சூடான காப்பி ஒரு வாய் குடித்தால் உடலில் சேரும் வெப்பம்தான் அது. ஆகவே கதிர் திசுவைச் சுட்டுப் பொசுக்குகிறது என்பது சரியான விளக்கமாகாது. அதன் தாக்கம், ஆற்றல் எந்த இடத்தில், எவ்வளவு செறிவாக விழுகிறது என்பதைப் பொறுத்தது.

அந்த இடம் உயிரணுவின் கருவில் உள்ள டி.என்.ஏ. என்னும் மரபிழை. கதிர் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்த்தெறிகிறது; அவற்றில் சில நேராக மரபிழையில் மோதுகின்றன; பெரும்பாலானவை உயிரணுவில் நிறைந்துள்ள நீரைச் சிதைத்து, நொடியின் மிகச் சிறு பகுதியே நிலைக்கும் வினைத்துடிப்பு மிக்க துகள்களை உருவாக்க, அத்துகள்கள் மரபிழையைத் தாக்குகின்றன. ஒரு கிரே கதிர் ஓர் உயிரணுவில் மரபிழையின் இரு புரிகளில் ஒன்றை மட்டும் ஏறத்தாழ ஆயிரம் இடங்களிலும், இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ 40 இடங்களிலும் அறுக்கிறது. ஒரு புரி அறுந்தால், எதிரே உள்ள புரியை மாதிரியாகக் கொண்டு உயிரணு அதைச் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் முனைகள் தவறாக ஒட்டிக்கொள்ளவோ ஒட்டாமலே போகவோ வாய்ப்புண்டு.

இவ்வாறு காயப்பட்ட உயிரணு உடனே இறப்பதில்லை. அடுத்த முறை, அல்லது அதற்கும் அடுத்த முறை, பிரிய முயலும்போதே பெரும்பாலும் அது அழிகிறது. சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்தில் கட்டி சுருங்கவில்லையே என்று நோயாளி கலங்குவதற்கும், சிகிச்சை முடிந்த பிறகும் கட்டி வாரக்கணக்கில் கரைந்துகொண்டே இருப்பதற்கும் காரணம் இந்தக் காலத்தாழ்வுதான். கட்டி கரைந்ததா என்பதை மருத்துவர்கள் சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து முறையாக மதிப்பிடுவதும் இதனால்தான்.

பகுத்துக் கொடுத்தல்

வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தை அறிவித்தது 1898 டிசம்பரில். அடுத்த சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் இரண்டையும் கட்டிகளின்மேல் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். நியூயார்க் மருத்துவர் மார்கரெட் கிளீவ்ஸ் 1903இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் வைத்துச் சிகிச்சையளித்தார். அக்காலத்தில் பலர் ஒரே தடவையில் பெரிய அளவைக் கொடுத்துக் கட்டியை வீழ்த்திவிட முயன்றனர். கட்டி சுருங்கியது, கூடவே தோல் வெந்து, அடித்திசு அழிந்து, ஆறாத புண்கள் எஞ்சின, சில மாதங்களில் கட்டியும் திரும்பி வந்தது.

இந்த முட்டுக்கட்டையிலிருந்து வழி காட்டிய சோதனைகளுள் முக்கியமானவை பாரிஸ் நகரின் ரேடியம் நிறுவனத்தில் கிளாடியஸ் ரெகோ நடத்தியவை. அவர் ஆட்டுக்கிடாக்களின் விந்தகங்களை எடுத்துக்கொண்டார். விந்தணுக்களை ஓயாமல் பெருக்கும் அத்திசுவை வேகமாக வளரும் கட்டிக்கும், அதை மூடியுள்ள தோலைக் கட்டியைச் சூழ்ந்த நல்ல திசுவுக்கும் ஒப்பாகக் கொள்ளலாம் என்பது அவரது கணிப்பு. ஒரே தடவையில் கதிரைக் கொடுத்து ஆட்டை மலடாக்க முயன்றபோது தோல் கடுமையாகச் சிதைந்தது. அதையே பல நாட்களுக்குப் பகுத்துக் கொடுத்தபோது ஆடு மலடானது, தோலோ பெரிய சேதமின்றித் தப்பியது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி கூட்டார் 1920களில் இம்முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் கையாண்டு, குரல்வளையை அகற்றாமலே நோயைக் குணப்படுத்த முடியும் என்று காட்டினார். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குச் சிறிதளவு, பல வாரங்கள் என்ற இன்றைய ஒழுங்கு அங்கிருந்து வளர்ந்ததே.

இதன் உட்காரணத்தை உயிரணு அளவில் காட்டியதில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கே ஒரு பங்குண்டு. 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இந்நோய்க்காக ரேடியம் சிகிச்சை பெற்ற ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரது ஒப்புதல் கேட்கப்படாமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஆய்வகத்தில் இடைவிடாமல் பெருகின. 'ஹீலா' என்று பெயரிடப்பட்ட அந்த உயிரணுக்களின்மேல் தியோடர் பக், பிலிப் மார்கஸ் இருவரும் கதிரைச் செலுத்தி, எந்த அளவுக்கு எத்தனை உயிரணுக்கள் பிழைக்கின்றன என்பதை 1956இல் வரைபடமாக்கினர். குறைந்த அளவில் அந்த வளைகோடு மெல்லச் சரிந்தது. ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே செங்குத்தாக வீழ்ந்தது. உயிரணு தன் காயங்களை ஓரளவு வரை சமாளித்துவிடுகிறது என்பதே அந்த மெல்லிய சரிவின் பொருள்.

பகுத்துக் கொடுப்பதால் நிகழ்வனவற்றை ரோட்னி விதர்ஸ் 1975இல் நான்காகத் தொகுத்தார். முதலாவது பழுதுநீக்கம்: இரு தவணைகளுக்கு இடையே கிடைக்கும் மணிநேரங்களில் நல்ல திசுக்கள் தம் மரபிழைக் காயங்களைக் கட்டியைவிடச் செம்மையாகச் சரிசெய்துகொள்கின்றன. இரண்டாவது நிலைமாற்றம்: பிரியும் தறுவாயில் உள்ள உயிரணு கதிருக்கு எளிதில் பலியாகும், வேறு கட்டத்தில் உள்ளது தாங்கிக்கொள்ளும், முதல் நாள் தப்பியது மறுநாள் பலியாகும் கட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கலாம். மூன்றாவது ஆக்சிஜன் எட்டுதல்: ஆக்சிஜன் இருந்தால் கதிர் உண்டாக்கிய காயம் நிலைபெறும், இல்லாவிட்டால் அதே விளைவுக்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு அளவு தேவைப்படும், இரத்தக் குழாய்களுக்கு எட்டாத கட்டியின் உட்பகுதி, வெளிப்பகுதி அழிய அழிய ஆக்சிஜன் பெற்று, அடுத்த தவணைக்கு இரையாகிறது. நான்காவது மறுபெருக்கம்: இது இருபுறமும் வெட்டும். நல்ல திசு இடைவெளியில் வளர்ந்து தன்னைப் புதுப்பித்துக்கொள்வதைப் போலவே, எஞ்சிய புற்றணுக்களும் சில வாரங்களுக்குப் பின் முன்னிலும் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. ஆகவே பகுத்தால் மட்டும் போதாது, இழுத்தடிக்காமல் முடிக்கவும் வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் வெளியிலிருந்து தரப்படும் கதிர் வழக்கமாக 45 முதல் 50 கிரே. அது நாளொன்றுக்கு 1.8 அல்லது 2 கிரே வீதம் 25 தவணைகளாக, ஐந்து வாரங்களில் கொடுக்கப்படுகிறது. இந்த எண்ணிக்கை எல்லா நோய்க்கும் பொதுவன்று. மார்பகத் திசுவின் இயல்பு வேறாக இருப்பதால், பிரிட்டனில் நடந்த சோதனைகளின் விளைவாக அங்கே 15 தவணைகளும், பின்னர் ஒரே வாரத்தில் 26 கிரேயை ஐந்து தவணைகளில் முடிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தன. எலும்புக்குப் பரவிய நோயின் வலியைத் தணிக்க ஒரே தடவை தரும் 8 கிரே பலருக்குப் போதுமானது.

ஆழத்தை எட்டுதல்

தொடக்ககால எக்ஸ் கதிர்க் குழாய்களின் கதிர் தோலிலேயே தன் உச்ச அளவைச் செலவிட்டுவிட்டு, உள்ளே போகப் போக மங்கியது. இடுப்புக் குழியின் நடுவில் அமைந்த கருப்பை வாய்க்குப் போதிய அளவு சேருமுன் தோல் வெந்துவிடும். இந்தத் தடையை உடைத்தது கோபால்ட்-60. அணு உலையில் உருவாக்கப்படும் இக்கதிரியக்கப் பொருள் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய காமா கதிர்களை வீசுகிறது. அக்கதிர் தன் உச்ச அளவைத் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழே அடைவதால் தோல் காக்கப்படுகிறது, ஆழத்துக்கும் கூடுதலாகச் சேர்கிறது.

1951இல் கனடாவில் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு கோபால்ட் இயந்திரங்கள் சிகிச்சைக்கு வந்தன: அக்டோபர் 27இல் ஒன்ட்டாரியோ மாநில லண்டன் நகரில் ஒன்று, நவம்பர் 8இல் சாஸ்கட்டூன் நகரில் இயற்பியலாளர் ஹெரால்டு ஜான்ஸ் குழுவினர் அமைத்த மற்றொன்று. சாஸ்கட்டூனின் முதல் நோயாளி, கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய 43 வயதுப் பெண். நான்கு பிள்ளைகளின் தாய். அவர் குணமடைந்து 90 வயது வரை வாழ்ந்தார். இந்தியாவின் முதல் கோபால்ட் இயந்திரம் 1950களில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தது. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் முயற்சியால், 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்ட மருத்துவமனை அது.

கோபால்ட்-60 தன் வீரியத்தில் பாதியை 5.27 ஆண்டுகளில் இழக்கும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு வீதம் அது மங்குவதால், முதலில் இரண்டு நிமிடத்தில் முடிந்த தவணைக்கு ஐந்தாண்டு கழித்து நான்கு நிமிடம் பிடிக்கும். மூலப்பொருளை மாற்றியே ஆகவேண்டும். கைவிடப்பட்ட கதிர்மூலம் எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்கு 1987இல் பிரேசிலின் கோயானியா நகரம் சான்று. பயன்பாட்டிலில்லாத ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட சீசியம்-137 மூலத்தைப் பழைய இரும்புக்கடையில் உடைத்ததில் நால்வர் இறந்தனர். இந்த இடரில்லாதது நேரியல் முடுக்கி, அதாவது மருத்துவமனை வழக்கில் 'லினாக்'. அது நுண்ணலைகளின் உதவியால் எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு விரட்டி, டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு, ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 1953இலும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 1956இலும் இது நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. ஆனால் லினாக்குக்குத் தடையற்ற மின்சாரமும், குளிரூட்டலும், விரைந்து வந்து பழுதுபார்க்கும் பொறியாளரும் தேவை. இவை எளிதில் கிடைக்காத ஊர்களுக்காகவே பாபா அணு ஆராய்ச்சி மையம் 'பாபாட்ரான்' என்ற உள்நாட்டுக் கோபால்ட் இயந்திரத்தை உருவாக்கியது.

இடம் அறிதல்

இயந்திரம் எதுவாயினும், கட்டி எங்கே இருக்கிறது, அதைச் சூழ்ந்து எவையெல்லாம் இருக்கின்றன என்பதை அறிந்த பிறகே கதிரைத் திறக்க முடியும். முதல் நாள் 'சிமுலேஷன்' எனப்படும் ஒத்திகையில், சிகிச்சையின்போது எப்படிப் படுக்கவேண்டுமோ அப்படியே படுக்கவைத்து சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. சுவர்களிலிருந்து வரும் லேசர் கோடுகள் உடலில் படும் இடத்தில் சிறு புள்ளிகள் குத்தப்படுகின்றன அல்லது மையால் குறிக்கப்படுகின்றன. ஐந்து வாரமும் அந்தப் புள்ளிகளே வழிகாட்டி என்பதால், தேய்த்துக் குளிக்கும்போது குறியை அழித்துவிட வேண்டாம் என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லி அனுப்புவார்கள்.

இந்த இடுப்புப் பகுதியில் கட்டிக்கு முன்னால் சிறுநீர்ப்பையும் பின்னால் மலக்குடலும் ஒட்டியபடி இருக்க, மேலிருந்து சிறுகுடலின் மடிப்புகள் சரிந்து வந்து விழுகின்றன. சிறுநீரைக் கழித்துவிட்டு, குறித்த அளவு தண்ணீரைக் குடித்து, குறித்த நேரம் காத்திருந்து, பிறகே மேசையில் படுக்கவேண்டும் என்பது பல மருத்துவமனைகளின் விதி. நிறைந்த சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தள்ளிக் கதிரின் பாதையிலிருந்து விலக்குகிறது. நாளும் ஒரே அளவு நிறைந்திருந்தால்தான் கருப்பையும் ஒத்திகையில் பார்த்த இடத்திலேயே இருக்கும். பல கோடி ரூபாய் இயந்திரத்தின் துல்லியம், காத்திருப்பு அறையில் தண்ணீர்ப் புட்டியோடு அமர்ந்திருக்கும் பெண்ணின் ஒத்துழைப்பில் தங்கியிருக்கிறது.

ஸ்கேன் படங்களின்மேல் மருத்துவர் கட்டியையும் நிணநீர்க் கணுக்களையும் காக்கவேண்டிய உறுப்புகளையும் அடுக்கடுக்காக வரைகிறார். மருத்துவ இயற்பியலாளர் கணினியின் துணைகொண்டு கதிர்கள் எத்திசைகளிலிருந்து எவ்வளவு வரவேண்டும் எனத் திட்டமிடுகிறார். லினாக்கின் வாயில் அமைந்த மெல்லிய டங்ஸ்டன் தகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நகர்ந்து, கட்டியின் வடிவுக்கேற்பக் கதிரைக் கத்தரித்து அனுப்புகின்றன. ஒவ்வொரு திசையிலும் கதிரின் செறிவையே கூட்டிக் குறைக்கும் இம்முறை 'செறிவு மாற்றிய கதிர்வீச்சு' எனப்படுகிறது. அதனால் விளையும் பயனை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனைக் குழு 300 பெண்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனை எண்களில் காட்டியது. கருப்பை வாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கதிர் பெற்ற அவர்களில், நெடுநாள் நீடிக்கும் குடல் கோளாறு பழைய முறையில் மூன்றாண்டுகளில் 42.4 விழுக்காட்டினருக்கு வந்தது. புதிய முறையில் அது 21.1 விழுக்காடாகப் பாதியானது.

உள்ளிருந்து ஒளிரும் கதிர்

வெளிக்கதிர் மட்டும் இந்நோயைக் குணப்படுத்தப் போதாது. கட்டிக்குத் தேவையான 80 முதல் 90 கிரேயை வெளியிலிருந்தே கொடுத்தால் குடலும் சிறுநீர்ப்பையும் தாங்கா. எஞ்சிய அளவைக் கட்டியின் நடுவிலேயே வைத்துக் கொடுப்பதுதான் 'பிரேக்கிதெரபி' என்னும் அண்மைக் கதிர்வீச்சு. கதிர் புறப்படும் புள்ளியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் உள்ள அளவு, இரண்டு சென்டிமீட்டரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகவும், மூன்றில் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறைந்துவிடும் என்ற எளிய வடிவியல் விதியே இதன் அடிப்படை. கட்டியினுள் வைத்த மூலம் கட்டிக்கு மிகப் பெரிய அளவைத் தந்தாலும், சற்றே தள்ளியிருக்கும் குடலுக்கு மிகக் குறைந்த அளவையே தரும்.

அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்த பின், கருப்பை வாயின் வழியாகக் கருப்பைக்குள் மெல்லிய உலோகக் குழாய் ஒன்று செலுத்தப்படுகிறது; கருப்பை வாயின் இருபுறமும் முட்டை வடிவக் குமிழ்கள் கொண்ட இரு குழாய்கள் பொருத்தப்படுகின்றன. பிறகு மருத்துவர் நீண்ட கட்டுத்துணியைச் சிறிது சிறிதாக உள்ளே திணித்து, முன்னால் சிறுநீர்ப்பையையும் பின்னால் மலக்குடலையும் குழாய்களிலிருந்து விலக்குகிறார். சில மில்லிமீட்டர் விலகினாலும் அந்த உறுப்புகளுக்குச் சேரும் அளவு கணிசமாகக் குறையும் என்பதால், இந்தத் துணி திணிக்கும் வேலை இச்சிகிச்சையின் கைத்திறன் மிகுந்த பகுதி. ஸ்கேன் எடுத்துத் திட்டம் முடிந்ததும் குழாய்கள் இயந்திரத்தோடு இணைக்கப்படுகின்றன. எல்லோரும் அறையை விட்டு வெளியேறுகின்றனர். கம்பி முனையில் பொருத்திய, அரிசிமணியினும் சிறிய இரிடியம்-192 மூலம் குழாய்க்குள் ஊர்ந்து, இந்தப் புள்ளியில் இத்தனை நொடி, அடுத்த புள்ளியில் இத்தனை நொடி என்று நின்று நின்று நகர்ந்து, வேலை முடிந்ததும் தன் காப்பறைக்குத் திரும்புகிறது. இரிடியத்தின் அரைவாழ்வு 74 நாள் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மூலம் மாற்றப்படுகிறது. ஒரு காலத்தில் மருத்துவரும் செவிலியரும் ரேடியத்தைக் கையால் வைத்து, அதன் கதிரைத் தங்கள் உடலிலும் ஏற்றுக்கொண்டே இப்பணியைச் செய்தனர். தொலைவிலிருந்து இயக்கும் இம்முறை அந்த இடரை நீக்கியது.

எங்கே அளவை அளப்பது என்பதற்கு 1938இல் மான்செஸ்டரில் டாட், மெரிடித் இருவரும் 'ஏ புள்ளி' என்ற ஒரு குறியிடத்தை வரையறுத்தனர். கருப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே, இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில். எல்லாப் பெண்களுக்கும் ஒரே புள்ளி. கட்டியோ ஒவ்வொருவருக்கும் வேறு. எம்.ஆர்.ஐ. படத்தில் எஞ்சிய கட்டியைக் கண்டு அதற்கேற்பத் திட்டமிடும் புதிய முறையைப் பல நாடுகளில் 1,300க்கு மேற்பட்ட பெண்களிடம் ஆய்ந்த 'எம்ப்ரேஸ்' ஆய்வு, ஐந்தாண்டுக்குப் பின்னும் 92 விழுக்காட்டினருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பவில்லை என்று 2021இல் அறிவித்தது.

துணைநிற்கும் மருந்து

கதிர்வீச்சு நடக்கும் வாரங்களில் வாரம் ஒருமுறை 'சிஸ்பிளாட்டின்' மருந்தை நரம்பில் ஏற்றுவது இன்று வழக்கம். மரபிழையின் புரிகளைப் பிணைத்துப் பழுதுநீக்கத்தைத் தடுக்கும் இம்மருந்து, கதிரின் காயத்தை ஆறவிடாமல் செய்கிறது. ஐந்து சோதனைகளின் முடிவுகளைக் கண்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1999 பிப்ரவரியில் இதைப் பரிந்துரைத்தது. நோய் இடுப்பெலும்புச் சுவர்வரை பரவிய இந்தியப் பெண்களுக்கும் இது பயன்தருமா என்ற ஐயத்தை டாட்டா நினைவு மருத்துவமனை 850 பெண்களிடம் ஆய்ந்து தீர்த்தது: ஐந்தாண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றவர்களில் 46 விழுக்காடு, மருந்தும் சேர்ந்து பெற்றவர்களில் 54 விழுக்காடு. 100 பெண்களில் கூடுதலாக எட்டுப் பேர் பிழைக்கின்றனர் என்பது சிறிய வேறுபாடன்று.

உடல் தரும் விலை

சிகிச்சையின் இரண்டாம், மூன்றாம் வாரத்திலிருந்து வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், களைப்பு, தோல் கறுத்தல் ஆகியவை தோன்றும். விரைந்து தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் திசுக்களில் தோன்றும் இந்த உடனடி விளைவுகள் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் ஆறிவிடுகின்றன. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வருபவை வேறு வகை: மலத்தில் இரத்தம், சிறுநீர்ப்பை சுருங்குதல், அரிதாக உறுப்புகளுக்கிடையே துளை விழுதல். சினைப்பைகள் கதிரில் செயலிழப்பதால் இளம் பெண்ணுக்கும் மாதவிடாய் நின்று, கருவுறும் வாய்ப்பும் முடிந்துவிடுகிறது. பிறப்புறுப்பின் வழி வறண்டு குறுகுவதைத் தடுக்க விரிவாக்கும் கருவியைப் பயன்படுத்தும் முறை உண்டு. ஆனால் அதைச் சொல்ல மருத்துவர் கூசுவதும், கேட்க நோயாளி கூசுவதும் சேர்ந்து, பல பெண்கள் தடுத்திருக்கக்கூடிய துன்பத்தை வாழ்நாள் முழுதும் சுமக்க நேர்கிறது. உயிரைக் காத்த மருத்துவம் அந்த உயிர் வாழும் விதத்தைப் பற்றியும் வாய்திறந்து பேசக் கடமைப்பட்டது.

தேவையற்ற ஓர் அச்சத்தையும் இங்கே நீக்கவேண்டும். வெளிக்கதிர் பெற்ற பெண்ணின் உடலில் கதிர் தங்குவதில்லை. இரிடியம் மூலமும் சிகிச்சை முடிந்ததும் வெளியே வந்துவிடுகிறது. அவள் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம், குடும்பத்தோடு ஒரே தட்டில் உண்ணலாம். அவளுக்குத் தனிப் பாயும் தனிப் பாத்திரமும் ஒதுக்குவதற்கு அறிவியலில் எந்த அடிப்படையும் இல்லை.

நாள் தவறாமை

மறுபெருக்கத்தின் காரணமாக, வெளிக்கதிரும் அண்மைக் கதிரும் சேர்ந்து முழுச் சிகிச்சையும் எட்டு வாரங்களுக்குள் முடியவேண்டும் என்பது பொது நெறி. அதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளும் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பை ஏறத்தாழ அரை முதல் ஒரு விழுக்காடு வரை குறைக்கிறது என்று பல ஆய்வுகள் கணித்துள்ளன. பத்து நாள் தவறினால் இழப்பது எவ்வளவு என்பதை, மேலே கண்ட சிஸ்பிளாட்டின் தந்த எட்டு விழுக்காட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருந்து ஈட்டித் தந்ததை விடுபட்ட நாட்கள் பறித்துக்கொண்டு போய்விடுகின்றன.

நாட்கள் ஏன் விடுபடுகின்றன? 10 லட்சம் மக்களுக்கு நான்கு இயந்திரங்கள் வேண்டும் என்பது பன்னாட்டு அளவுகோல். இந்தியாவில் 10 லட்சம் பேருக்கு ஓர் இயந்திரம்கூட இல்லை, இருப்பவையும் பெருநகரங்களில் குவிந்துள்ளன. இந்நோய் பெரும்பாலும் தாக்குவது வசதி குறைந்த வீட்டுப் பெண்களை. அத்தகைய பெண் ஐந்து வாரம் வெளியூரில் தங்கினால் அவளது கூலி நின்றுபோகும். துணைக்கு வருபவரின் கூலியும் நின்றுபோகும். வீட்டில் அடுப்பெரிக்க ஆளிருக்காது. தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கதிர்வீச்சின் செலவை ஏற்கிறது. ரயில்வே புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை தருகிறது. ஆனால் தங்குமிடமும் மூன்று வேளை உணவும் இழந்த கூலியும் எந்த மருந்துச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வு, புளிக்காடி தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனையை ஒரே ஒருமுறை செய்ததாலேயே இந்நோயால் நேரும் இறப்புகள் 35 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. செவிலியர்கள் ஊருக்குச் சென்று பெண்களைச் சந்தித்ததால் கிடைத்த பலன் அது. மருத்துவம் பெண்களை நாடிச் சென்றால் பலன் கிடைக்கும் என்று தடுப்பில் மெய்ப்பட்ட அந்த உண்மை சிகிச்சைக்கும் பொருந்தும்.

கதிரின் அளவை மருத்துவர் தீர்மானிக்கிறார். இடத்தை மருத்துவரும் இயற்பியலாளரும் சேர்ந்து வரையறுக்கின்றனர். மூன்றாவதான நாள், இயந்திரம் இருக்கும் ஊருக்கும் நோயுற்ற பெண்ணின் வீட்டுக்கும் இடையிலான தொலைவில் தீர்மானமாகிறது. கிடாக்களின் விந்தகத்தில் தொடங்கி, ஹீலா உயிரணுக்களின் வளைகோடு வழியாக வந்து சேர்ந்த அறிவு, 25 நாளும் அந்தப் பெண் மேசைக்கு வந்து சேர்ந்தால் மட்டுமே அவளைக் காக்கும். எனவே சிகிச்சை மையத்தை அடுத்து ஒரு தங்கும் விடுதி கட்டுவதும், மாவட்டந்தோறும் ஓர் இயந்திரம் நிறுவுவதும், வராத நோயாளியை அன்று மாலையே தொலைபேசியில் அழைத்து விசாரிக்க ஒருவரை அமர்த்துவதும் தருமச் செயல்கள் என்பதோடு நின்றுவிடுவன அல்ல. கிரேயில் அளக்கும் கதிரைப் போலவே அவையும் சிகிச்சையின் பகுதிகள்.